ஓசிஐ அட்டை: 275 டாலருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை

வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்வது அதுதான். யாரும் வந்து பறிப்பதில்லை, நாம் எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. அதன் பிறகு மதுரையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதும் சட்டத்தின் கண்ணில் ஒரு வெளிநாட்டவரின் வருகைதான். அந்த வருகைக்குப் பெரும்பாலானவர்கள் எடுப்பது இரண்டில் ஒன்று: இ-விசா அல்லது ஓசிஐ அட்டை. ஓசிஐ என்பது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்; பெயரில்தான் குடிமகன், நடைமுறையில் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் வாழ்நாள் விசா மாதிரி. இங்கே பார்க்கப்போவது ஓசிஐ. இ-விசா ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அட்டை நல்ல அட்டை. அதை வாங்கும் பாதைதான் மேடுபள்ளம். அதிலும் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் பள்ளங்கள் உண்டு.

அட்டை என்று பெயரே தவிர, கையில் வருவது பாஸ்போர்ட் மாதிரி ஒரு சிறு புத்தகம். அது பயண ஆவணம் ஆகாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். இந்தியாவுக்கு வெளியே விண்ணப்பித்தால் கட்டணம் 275 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். இந்தியாவில் இருந்துகொண்டு விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். தூதரகத்துக்காக விண்ணப்பத்தை வாங்கும் சேவை மையத்தின் கட்டணமும் கூரியர் செலவும் தனி.

விலையை மட்டும் பார்த்தால் ஓசிஐ லாபம் என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு 5 ஆண்டு சுற்றுலா இ-விசா 80 டாலர். மூன்று முறை எடுத்தால் 240 டாலரில் 15 ஆண்டுகள் ஓடிவிடும். நான்காவது விசா எடுக்கும்போதுதான் ஓசிஐ மலிவாகிறது. ஆகவே 'வாழ்நாள் முழுக்க விசாச் செலவு மிச்சம்' என்று சொல்லி இதை விற்பவர்களின் கணக்கு பாதிதான் சரி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ மூன்று வாரம் வந்து போகிறவர், ஊரில் சொத்து, வங்கி, வழக்கு எதுவும் இல்லாதவர் என்றால் இ-விசாவே போதும்.

ஓசிஐயின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 5 ஆண்டு சுற்றுலா இ-விசாவில் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் தவிர மற்ற நாட்டவர்கள் தொடர்ச்சியாக 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. வயதான பெற்றோர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இந்த நாள் கணக்கு பெரிய தலைவலி. ஓசிஐக்கு அந்தக் கணக்கே இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யவும் வேண்டாம். இந்தியாவிலேயே குடியிருப்பவர் மட்டும் நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகலாம், தொழில் நடத்தலாம். அதற்கென்று தனி விசா தேவையில்லை.

அரசியல் புயலிலும் இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. 2023 செப்டம்பரில் கனடாவுடன் உறவு கெட்டு, கனடா நாட்டவர்களுக்கு விசா வழங்குவதை இந்தியா நிறுத்தியபோது, ஓசிஐ வைத்திருந்தவர்கள் வழக்கம்போல வந்து போனார்கள். அதே நேரத்தில் 2020 மார்ச் 13ஐ மறந்துவிடக் கூடாது. அன்று முதல் விசாக்களோடு ஓசிஐயின் விசா இல்லாப் பயண வசதியையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. கொரோனா காலத்தில் பெற்றவர்களின் சாவுக்குக்கூட வர முடியாமல் பலர் தவித்தது அதனால்தான். 'வாழ்நாள்' என்பது அரசு அனுமதிக்கும் வரைதான்.

வாங்கும் வழிக்கு வருவோம். வரிசை மாறக் கூடாது: முதலில் புதிய நாட்டின் பாஸ்போர்ட், அடுத்து இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துக் குடியுரிமை துறப்புச் சான்றிதழ், கடைசியில் ஓசிஐ. இந்த நடுப்பகுதியைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வேறு குடியுரிமை வாங்கிய பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஒப்படைக்க மூன்று மாத அவகாசம் தருகிறார்கள்; தாண்டினால் அபராதம். குடியுரிமை மாறிய பிறகு அதே இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தாலோ அதைப் புதுப்பித்திருந்தாலோ அபராதம் இன்னும் ஏறும். 'இன்னும் இரண்டு வருஷம் செல்லுபடியாகுமே, ஒரு தடவை போய்வந்துவிடலாம்' என்று நினைப்பதுதான் இந்த விவகாரத்தில் மிக விலை உயர்ந்த யோசனை. இடைப்பட்ட காலத்தில் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்தால் இ-விசா எடுங்கள்.

ஒப்படைத்த பாஸ்போர்ட்டை ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் ஒருகாலத்தில் இந்தியக் குடிமகன் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. நாளைக்கு உங்கள் பிள்ளை, பேரன் விண்ணப்பிக்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில், உரிய அதிகாரம் இல்லாமல் நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நகல் இணைக்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு. தூதரகத்தில் கொடுப்பது போன்ற சட்டபூர்வமான தேவைக்கு நகலெடுக்கலாம்.

இனி பெயர். தமிழர்களின் விண்ணப்பம் அதிகமாகச் சிக்குவது இங்கேதான். குடும்பப் பெயர் இல்லாத ஊரிலிருந்து, குடும்பப் பெயர் இல்லாமல் படிவமே இல்லாத நாட்டுக்குப் போயிருக்கிறோம். இந்தியப் பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன்' என்று மட்டும் இருந்து குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவர் 'எஃப்என்யு கார்த்திகேயன்' ஆகிவிடுவார். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பச்சை அட்டை வரை அந்த எஃப்என்யு கூடவே வரும். குடியுரிமை வாங்கும்போது அதை உதறிவிட்டு அப்பா பெயரைச் சேர்த்து 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்' ஆவார். ஓசிஐ மேசையில் இருப்பவருக்கு இவை இரண்டு வேறு ஆட்களின் தாள்கள்.

இதற்கு மருந்து, பெயர் மாற்றத்துக்கான ஆவணத்தை முதல் தடவையே இணைத்துவிடுவது. அமெரிக்காவில் குடியுரிமையோடு பெயரையும் மாற்றுவது நீதிமன்றம் நடத்தும் உறுதிமொழி விழாவில்தான் நடக்கும். அப்போது தரும் பெயர் மாற்ற மனுவின் நகல்தான் பாலம். அது இல்லாமல் 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் வைத்தால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அப்பாவின் பெயரிலும் இதே கதை: பிறப்புச் சான்றிதழில் 'செ. முருகன்', பழைய பாஸ்போர்ட்டில் 'செல்லையா முருகன்', பிள்ளையின் வெளிநாட்டுச் சான்றிதழில் 'முருகன் செல்லையா'. படிவத்தில் விண்ணப்பதாரரின் பெயரை இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பெற்றோர் பெயரைச் சான்றாக வைக்கும் ஆவணத்தில் உள்ளபடி எழுதுங்கள். அழகாக விரித்து எழுதும் ஆசை இந்தப் படிவத்தில் வேண்டாம்.

பிறந்த ஊரும் அப்படித்தான். பழைய பாஸ்போர்ட்டில் 'மெட்ராஸ்' என்றும் பிறப்புச் சான்றிதழில் 'சென்னை' என்றும் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கிராமத்தின் பெயர் ஒன்றில், மாவட்டத்தின் பெயர் இன்னொன்றில் என்றால் கேள்வி வரும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் 'இந்தியா' என்று மட்டுமே இருக்கும் என்பதால், ஊரின் பெயரைப் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில், இரண்டு பகுதிகளாக. 2025 மே மாதம் புதிய போர்ட்டல் வந்தது. பழையதைவிட எவ்வளவோ தேவலை, பாதியில் சேமித்துவிட்டுத் திரும்பி வரலாம். நிரப்பி, ஆவணங்களை பிடிஎஃப் ஆக ஏற்றி, அச்செடுத்து, அந்த நாட்டின் சேவை மையத்துக்கோ தூதரகத்துக்கோ அனுப்ப வேண்டும். ஆன்லைனில் ஏற்றியதும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தாள் போய்ச் சேரும் வரை கோப்பு நகராது.

படமும் கையெழுத்தும் சின்ன விஷயம்போலத் தெரியும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் கணிசமானவை இவற்றால்தான். படம் சதுரம், 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த வெள்ளைப் பின்னணிப் படத்தையே ஒட்டிவிடுகிறார்கள். ஓசிஐக்கு வெள்ளையில்லாத வெளிர்நிறப் பின்னணி என்பது நெடுநாளாக இருந்துவரும் விதி. எடுப்பதற்கு முன் உங்கள் மையத்தின் அப்போதைய குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். கையெழுத்துப் படம் உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலமாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, கையெழுத்தின் ஓரத்துக்கு நெருக்கமாக வெட்டி ஏற்றினால் சிக்கலில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குப் பெருவிரல் ரேகை: பையனுக்கு இடது கை, பெண்ணுக்கு வலது கை. பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். விவாகரத்தானவர்கள் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற நீதிமன்ற உத்தரவையும் வைக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் விதி தாராளம். 1950 ஜனவரி 26க்குப் பிறகு எப்போதாவது இந்தியக் குடிமகனாக இருந்தவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை தகுதி உண்டு. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் உண்டு என்பதால், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போன குடும்பங்களுக்கும் வழி திறக்கிறது. விதி தாராளம், சான்றுதான் சிக்கனம். பேராக் ரப்பர் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் பிறந்த ஊரைத் தாளில் காட்ட முடியாமல் நிற்கும் மலேசியக் குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டுக் கணவன் அல்லது மனைவி விண்ணப்பிக்க, பதிவு செய்த திருமணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பும் தனியாக உண்டு, காலம் பிடிக்கும். விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, அதற்கு முந்திய தலைமுறையோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் கதவு மூடியே இருக்கும்.

அட்டை வந்த பிறகு மிகுந்த குழப்பம் தருவது புதுப்பித்தல். 2021 ஏப்ரலில் விதியை மாற்றி எளிதாக்கினார்கள். ஆனாலும் பழைய விதியைச் சொல்லிக் குழப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய நிலை இது: 20 வயதுக்கு முன் ஓசிஐ வாங்கியவர், 20 முடிந்த பிறகு முதல் புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரே ஒரு முறை அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். 20க்குப் பிறகு வாங்கியவர் அட்டையை மாற்றவே வேண்டாம். அட்டையை மாற்றுவது ஒருபுறம் இருக்க, 20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும், 50 முடிந்த பிறகு ஒரு முறையும், புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புதிய படத்தையும் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் கிடைத்த மூன்று மாதத்துக்குள். இதற்குக் கட்டணம் கிடையாது. கணவன் அல்லது மனைவி என்ற தகுதியில் ஓசிஐ வாங்கியவர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் ஏற்ற வேண்டும்; திருமணம் நிலைத்திருக்கிறது என்ற உறுதிமொழியும் சேர்த்து. 'புதுப்பித்துத் தருகிறோம்' என்று இலவச வேலைக்குப் பணம் பிடுங்கும் ஏஜெண்டுகளிடம் போக வேண்டாம்.

அட்டையில் அச்சாகியிருப்பது பழைய பாஸ்போர்ட் எண்ணாக இருந்தாலும் அந்தப் பழைய பாஸ்போர்ட்டைச் சுமக்க வேண்டியதில்லை. அந்த நிபந்தனையும் 2021இல் போய்விட்டது. ஆனால் விமானக் கம்பெனியின் செக்-இன் கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆவணம் ஏற்றியதற்கான ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் போர்டிங் கிடைக்காது.

இறங்கிய பிறகு இன்னொரு வசதி. வேக இமிக்ரேஷன் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. இந்தியக் குடிமக்களோடு ஓசிஐகாரர்களும் இதில் சேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்தது, செப்டம்பரில் திருச்சிக்கு வந்தது. முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்து, விமான நிலையத்திலோ பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால், தானியங்கிக் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம். நள்ளிரவில் வளைகுடா விமானங்களும் சிங்கப்பூர் விமானங்களும் ஒன்றாக இறங்கும் நேரத்தில் இதன் அருமை புரியும். 5 ஆண்டுக்கோ பாஸ்போர்ட் முடியும் வரைக்கோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். இ-விசாவில் வருபவர்களுக்கு இது கிடையாது.

சின்னச் சலுகைகளில் ஒன்று பலருக்குத் தெரியாது. தொல்லியல் துறையின் நினைவிடங்களில் ஓசிஐக்கு இந்தியர் கட்டணம்தான். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பெரியவர்கள் நான்கு பேர் போனால் 2,240 ரூபாய் மிச்சம். டிக்கெட் வாங்கும்போதே ஓசிஐயைக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

கிடைக்காதவற்றைப் பார்ப்போம். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது. வாக்காளர் பட்டியலில் பழைய பெயர் கிடந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள். அது பெருமைக்கு வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல, வழக்குக்கு இழுக்கும் பொருள். பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச் 4 அறிவிக்கை சொல்கிறது. கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க வரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் இதில் அடக்கம். நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் போகவும் மற்ற வெளிநாட்டவர் மாதிரியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும்.

பிள்ளையைத் தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தில் ஓசிஐ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட், ஜேஇஇ எழுதலாம்; ஆனால் அதே 2021 அறிவிக்கைக்குப் பிறகு அட்டை வாங்கியவர்களுக்கு என்ஆர்ஐ இடங்களும் கூடுதலாக உருவாக்கிய இடங்களும் மட்டும்தான். அதற்கு முன்பே அட்டை வாங்கியவர்களை இந்தக் கட்டுப்பாடு பாதிக்காது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ஆர்ஐ இடத்தின் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டுக் கனவு காணுங்கள்.

நிலம் இன்னொரு பொறி. வீடு, பிளாட், கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். நம் ஊரில் இது சிக்கலாவது இப்படி: புரோக்கர் 'வீட்டுமனை' என்று காட்டுவார், கல் நட்டிருக்கும், தார் ரோடுகூடப் போட்டிருக்கும், பட்டாவில் இன்னும் நஞ்சை என்றோ புஞ்சை என்றோ இருக்கும். அதை வாங்கினால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். முறையாக அங்கீகரிக்கப்பட்ட மனையா, நில வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்தைத் தம்பிக்கோ மச்சானுக்கோ அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பீரோவில் பூட்டிவைத்துவிட்டுப் பத்திரப் பதிவுக்கு முதல் நாள் எடுத்தால் வேலைக்கு ஆகாது.

எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்பது குடிவரவுச் சட்டத்தின் பேச்சு. வருமான வரிச் சட்டத்தின் பேச்சு வேறு. ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் வரிக் கணக்கில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளிலேயே கவனிக்க வேண்டியிருக்கும், முந்திய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திருந்தால். சென்னையில் இரண்டு மூன்று வீட்டு வாடகையும் வைப்புநிதி வட்டியும் வருகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஆடிட்டரிடம் நாள் கணக்கைக் காட்டிவிடுவது நல்லது. பழைய சேமிப்புக் கணக்கு இன்னும் சாதாரணக் கணக்காகவே இருந்தால் அதை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, புதிய பாஸ்போர்ட், ஓசிஐ நகலைக் கொடுக்க வேண்டும். பழைய பான் எண் அப்படியே செல்லும். ஆதார் புதிதாக எடுக்க, அதற்கு முந்திய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஓசிஐகாரருக்குத் தரும் ஆதார் 10 ஆண்டுதான் செல்லும்.

அட்டையைத் திரும்பப் பறிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 2025 ஆகஸ்ட் அறிவிக்கைப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றாலோ, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ ஓசிஐ ரத்தாகலாம். குற்றப்பத்திரிகை என்ற கட்டத்திலேயே ரத்து என்பது இந்த அட்டையின் மிக மோசமான நிபந்தனை. பங்காளிச் சண்டையில் போடும் மோசடிப் புகார்கள் ஊரில் எவ்வளவு எளிதாக எழுதப்படுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஊரில் நிலுவையில் வழக்கு இருப்பவர்கள் 275 டாலர் கட்டுவதற்கு முன் வக்கீலைப் பார்ப்பது உத்தமம்.

நிரந்தரமாகத் திரும்பிவிட நினைப்பவர்களுக்கு இந்த அட்டை ஒரு படிக்கட்டும்கூட. ஓசிஐயாகப் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆகி, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(ஜி) பிரிவின்படி மீண்டும் இந்தியக் குடியுரிமை கேட்கலாம். அப்போது வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும், ஓசிஐயையும் ஒப்படைக்க வேண்டும். 60 வயதுக்கு மேல் ஊரோடு வந்துவிடும் எண்ணம் இருந்தால் 55 வயதுக்குள் அட்டையை எடுத்துவிடுவது நல்லது. இ-விசாவில் வந்து போன ஆண்டுகள் இந்த ஐந்தில் சேராது.